குறி சுடாத பட்டி

வாய்க்கால் கட்டு வழியே வட்டக்கச்சிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பங்குனி வெயில். அறுவடை முடிந்த வயல்களில் அடித்தாள்தான் நின்றது. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சாரம், ஒரு கத்தி, ஒரு போர்வை. பின்னால், நான் மாடு மேய்த்துக் கொடுத்த அக்காவின் நாய் வந்தது. திரும்பிப் போகட்டும் என்று கல்லெடுத்தேன். அது கல்லைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எறியமாட்டான் என்று தெரிந்துகொண்டு பேசாமல் வந்தது. தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் நின்றுவிட்டது. அக்காவோடு என்றால் முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் வரும். அவர் இல்லாமல் அந்தத் துருசைத் தாண்டாது. அங்கேயே குந்தியிருந்து, நான் சின்னதாகிப் போகும்வரை என்னைப் பார்த்தது.

அந்த வீட்டில் நாய்க்கும் பார்க்கிற பழக்கம் தொற்றியிருந்தது.

அக்காவைப் பற்றி யாராவது கேட்டால், மாடு வளர்த்தவர் என்று சொல்லலாம். படம் கீறுபவர் என்றும் சொல்லலாம். ஊர்ச் சனம் இரண்டையும் சேர்த்து விசரி, பைத்தியக்காரி என்று சொல்லி முடித்துவிடும். நான் என்ன சொல்வேன் என்றால், அவர் பார்ப்பவர். நாங்கள் எல்லோரும் கண் வைத்திருக்கிறோம். அவர் பார்த்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பாவும் அம்மாவும் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டுவந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர்கள் வந்த தூரம் என் காலில் மிச்சமாக இருக்கிறது போல, எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மேசனுக்குக் கூலி, இரணைமடுக் குளத்தில் வலை, வவுனியாவில் அரிசி ஆலை என்று திரிந்தேன். இடது காலில் ஒரு ஷெல் துண்டு கிடக்கிறது. அதனால் பெருவிரல் மேலே தூக்கியே நிற்கும். மாரியில் கடுக்கும், கோடையில் மறந்துபோகும். அக்காவிடம் மாடு சாய்க்கப் போனது ஒரு மாரிக்கு மட்டும் என்றுதான். நாலு மாரி நின்றுவிட்டேன். நான் அவ்வளவு காலம் நின்ற இடம் வேறில்லை.

ஐப்பசியில் காலபோகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் மாடு ஊருக்குள் நிற்கக்கூடாது. பயிரில் வாய் வைத்தால் வெட்டுக்குத்து வரும். ஆகவே விதைப்புக்கு முன்னம் பட்டியைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே, முல்லைத்தீவுப் பக்கத்துத் தரவைப் புல்வெளிகளுக்குப் போவோம். மாரி முழுக்க அங்கே தறப்பாள் கொட்டில். அரிவு வெட்டு முடிந்ததும் திரும்பி வந்து அடித்தாளில் மேய விடுவோம். சோளகம் வீசி எல்லாம் காய்ந்துபோனால் இரணைமடு அலைகரையில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கப் பச்சை முளைக்கும். அந்தப் பச்சையின் பின்னால் போவோம். அக்காவுக்கு வருடம் என்பது மாதக் கணக்கல்ல, புல் எங்கே நிற்கிறது என்பதுதான்.

பயணத்தில் முன்னால் நான், நடுவில் மாடுகள், கடைசியில் அக்கா. அக்கா சைக்கிளில் ஏறுவதில்லை, உருட்டிக்கொண்டே வருவார். கரியரில் ஒரு கடகம், கடகத்துக்குள் ஒரு பெட்டைக் கோழி. அந்தக் கோழி முட்டையிட்டது மருந்துக்குத்தான். ஆனாலும் போகவர அதுவும் வந்தது. ஏன் இதைக் காவிக்கொண்டு திரிகிறீர்கள் என்று ஒருதரம் கேட்டேன்.

“அது பயணத்தில தலையை எப்பிடி வைச்சிருக்குது எண்டு பார். சைக்கிள் ஆடுது, தலை ஆடேல்லை.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். குழியில் சில்லு விழுந்து கடகம் குலுங்கியது, கோழியின் தலை காற்றில் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில் நின்றது. நாற்பது வயது வரைக்கும் கோழி தின்ற எனக்கு அது தெரியாது.

எந்த மிருகத்துக்கும் அவர் பெயர் வைத்ததில்லை. நாய், நாய்தான். கோழி, கோழி. மாடுகளை “மூத்தவளின்ரை ரெண்டாவது,” “முகத்தில வெள்ளை விழுந்தவள்” என்று அடையாளம் சொல்வார். நான் எனக்குள் பெயர் வைத்துக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பேர் வைச்சா வசதிதான் தம்பி. பேரைக் கூப்பிட்டிட்டு, பாக்கிறதை விட்டிடலாம்.”

கரி அவரே சுட்டுக்கொள்வார். பூவரசங் குச்சிகளைப் பால்மா டின்னுக்குள் இறுக்கி மூடி அடுப்புக்குள் வைத்தால், மறுநாள் மெல்லிய கரிக்குச்சிகள் கிடைக்கும். தாள் என்பது சீமெந்துப் பை. மேசன்மாரிடம் வெறும் பைகளை வாங்கி, பிரித்து, தூசு தட்டி, நாலாக வெட்டி வைத்திருப்பார். பால் கறந்து, பட்டி கூட்டி, தயிர்ச் சட்டிகளைக் கடைக்கு அனுப்பிய பிறகு ஏதாவது ஒரு மாட்டுக்கு முன்னால் குந்துவார். முதலில் நீண்ட நேரம் கீறவே மாட்டார். கை மடியில் கிடக்கும். பிறகு திடீரென்று கீறுவார். சீமெந்துப் பையின் மண்ணிறத்தில் மாடு எழும்பி நிற்கும். அசைபோடும் தாடை ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். ஈ மொய்த்த இடத்தில் தோல் சிலிர்த்திருக்கும். எனக்குப் படம் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் முதல் நாள் அதைப் பார்த்தபோது என் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது.

மறுநாள் காலை அந்தப் படத்தைச் சுருட்டி அடுப்பு மூட்டினார்.

“அக்கா! என்ன செய்யிறீங்கள்?”

“தேத்தண்ணி வைக்கிறன்.”

“படம்!”

“பாத்தாச்சுத்தானே.”

அவ்வளவுதான் விளக்கம். படம் என்பது பார்ப்பதற்கான வேலை. பார்த்து முடிந்தால் தாள் தாள்தான்.

எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, “பழகேல்லை, பாத்தன்” என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துத் திட்டத்துக்குக் குடியேறி வந்த குடும்பம் என்பதும், புருசன் நெடுநாளைக்கு முன்னமே செத்துப்போனார் என்பதும் எனக்கு அயலவர் சொல்லித்தான் தெரியும்.

பார்க்காததை அவர் கீறியதில்லை. அதில் அவரை அசைக்க முடியாது. என்னுடைய முதல் மாரியில், தரவைக் கரையில் ஒரு விடியலில் யானை வந்தது. வாடைக் காற்று எங்கள் பக்கம் வீசியதால் அதற்கு எங்கள் மணம் போகவில்லை. நாய் சைக்கிளுக்குக் கீழே பதுங்கியது. நான் பாலைமரத்தில் ஏறினேன், எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது, அந்தக் காலோடு. அக்கா கொட்டில் வாசலில் நின்றபடியே நின்றார். பத்து எட்டு வைக்கும் தூரம் இருக்கும். யானை தும்பிக்கையால் எங்கள் உப்புப் பையைத் துழாவியது. அவர் ஓடவில்லை, கும்பிடவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். பயந்தவனுடைய கணக்கு சரிவராது. யானை போன பிறகு நான் இறங்கி வந்தபோது அவர் கரியை எடுத்திருந்தார். படத்தில் இரண்டு முன்னங்கால்கள், ஒரு தும்பிக்கை, தும்பிக்கை நுனியில் ஒட்டியிருந்த உப்பு. மேலே வெறுமை.

“மிச்ச யானை எங்கை அக்கா?”

“அங்காலை மேல பாக்கேல்லையடா. இதிலேயே நிண்டிட்டன்.”

“நான் மரத்தில இருந்து முழுக்கப் பாத்தனான்.”

“அப்ப நீ கீறு.”

இதே பிடிவாதத்தால்தான் ஒருமுறை அயலில் ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். கடைசிச் சண்டையில் காணாமல் போன மகனின் சின்ன அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, பெரிதாகக் கீறித் தரச் சொன்னார். அக்கா மறுத்தார். “படத்தைப் பாத்துப் படம் கீறினா, அது நான் அவரைப் பாத்ததாகாது அம்மா.” அந்த அம்மா, மாட்டுக்குக் கீறுவீர் என்ரை பிள்ளைக்குக் கீறமாட்டீரோ என்று சத்தம் போட்டார். எனக்கும் அக்கா மேல் ஆத்திரம்தான். அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ” என்றார். அந்த அம்மா இருந்தார், மூக்கைச் சிந்திக்கொண்டு. அக்கா அவரைக் கீறினார். முடித்துக் கையில் கொடுத்தபோது அந்த அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு விரலால் படத்தில் வாய்க்குக் கீழே, நாடியைத் தொட்டார்.

“இது அவன்ரை நாடி.”

“உங்கடை நாடிதான் அம்மா.”

“ஓம். அதுதான் சொல்லுறன்.”

அந்தப் படம் அடுப்புக்குப் போகவில்லை. அந்த அம்மா கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைத்திருப்பதாகக் கேள்வி.

இனிப் பட்டியின் கதையைச் சொல்லவேண்டும். முகாமிலிருந்து மீளக் குடியேறி வந்த நாளில் அக்காவின் வளவு முழுக்கப் பற்றை, வீட்டுக்குக் கூரை இல்லை. குசினிச் சுவர் மட்டும் நின்றது. அதற்குள் ஒரு பசு, பிறந்த ஈரம் காயாத கன்றோடு. பின் தொடையில் குறி: ஒரு வேல், அதன் கீழே படுத்த பிறை. அந்த நாளில் வன்னி முழுக்க ஆளில்லா மாடுகள் திரிந்தன. பிடித்தவர்கள் பழைய குறிக்கு மேல் தங்கள் குறியைச் சுட்டார்கள். குறிக்கு மேல் குறி விழுந்து எழுத்தே தெரியாத தொடைகளை நானும் கண்டிருக்கிறேன். பசிக்காலம் அது, யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அக்கா சுடவில்லை.

“அதில வேறை ஆள் எழுதியிருக்குது. அதுக்கு மேல நான் என்னெண்டு எழுதுறது?”

கன்றுகளுக்கும் சுடவில்லை. தாய் யாருடையதோ கன்றும் அவருடையது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பட்டி முப்பதைத் தாண்டிய பிறகும் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை. பாலும் தயிரும் வளர்த்த கூலி, மற்றதெல்லாம் வேலும் பிறையும் வைத்தவருடையது. குறியில்லாத மாட்டைக் கண்டவன் கொண்டுபோவான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருமுறை கொண்டும் போனான். அக்கா பொலிசுக்குப் போகவில்லை. முதல்நாள் கீறிய அந்த மாட்டின் படம் எரிக்காமல் கிடந்தது. அதைச் சந்திக் கடையில் தொங்கவிட்டார். அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம் ஒருவன் மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தான். “என்ரை வளவுக்க தானா வந்து நிண்டது அக்கா. அந்தப் படத்தைக் கழட்டிப்போடுங்கோ. சாமான் வாங்கப் போனா அது என்னைப் பாத்துக்கொண்டே நிக்குது.”

ஆனால் ஊரைச் சிரிக்க வைத்தது அதுவல்ல. வருடா வருடம் பட்டி கிழக்கே போகும்போதும் திரும்பும்போதும் அக்கா வழிநெடுக அந்தத் தாய்ப்பசுவைக் கீறிக்கொண்டு போவார். மதகுக் கட்டு, கைவிட்ட சுவர், பஸ் தரிப்பிடம், வெள்ளைச் சுவர் எங்கே கண்டாலும். தொடையில் குறி தெளிவாக, வேல் ஒன்று, பிறை ஒன்று. உடையவர் எப்போதாவது இந்த வழியால் போனால் பார்க்கட்டும் என்று. பார்க்காமல் கீறமாட்டாரே. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் பசுவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தவேண்டும். பட்டி முழுக்க வீதியில் நிற்கும். பஸ்காரர் கோர்ன் அடித்துப் பேசுவார்கள்.

“என்ன அக்கா, மாட்டுக்கு ஐடென்ரிக் காட் அடிக்கிறீங்களோ?”

“ஓம் தம்பி. உமக்கும் வேணுமெண்டா வந்து பக்கத்தில நில்லும்.”

சந்திக் கடைக்காரர் சொல்வார்: “ஊரெல்லாம் குறியை அழிச்சு மாடு சேர்க்குது. இவா தன்ரை பட்டியில நிக்கிற மாட்டுக்கு உடையவனைத் தேடி நோட்டீஸ் ஒட்டுறா.”

எனக்கும் அது விளங்கவில்லை. அந்தப் பட்டி போனால் அவருக்கு மேட்டுக்காணி அரை ஏக்கரும் ஒரு கோழியும்தான் மிச்சம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஆக்கள் வந்தா என்ன செய்வீங்கள் அக்கா?”

“வந்தாப் பாப்பினம்.”

“பாத்திட்டுப் பட்டியை முழுக்கச் சாய்ச்சுக்கொண்டு போவினம்.”

“அவையின்ரை தானே.”

என் முதல் மாரியில், விசுவமடு தாண்டி ஒரு பஸ் தரிப்பிடத்தடியில் பெருமழை பிடித்துக்கொண்டது. அக்கா பசுவைத் தரிப்பிடத்துக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார். பஸ்சுக்கு நின்ற சனம் உட்காரும் வாங்கில் ஏறி ஒதுங்கியது. “மாட்டுக்கும் ரிக்கற் எடுத்தாச்சோ?” என்று ஒரு கிழவர். நான் பசுவுக்கு அந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்சுவரில் அக்கா கீறி முடிப்பதற்குள் வெளியே நின்ற மாடுகள் இடிக்கு வெருண்டு ஓட, நான் மழைக்குள் பாய்ந்துவிட்டேன். அதன் பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் முன்னால் போகிறவன். உள்சுவர்ப் படத்தை வீதியில் நின்று எட்டிப் பார்த்ததுதான்.

அடுத்த அடுத்த வருடம் ஆவணியில் அந்தப் பசு செத்தது. அலைகரையில் படுத்தது, எழும்பவில்லை. அக்கா பக்கத்திலிருந்து பார்த்தார், கீறவில்லை. அதன் பிறகு வழியில் படம் போடுவதையும் நிறுத்திவிட்டார். இருந்த படங்களை மழை ஒவ்வொன்றாகக் கழுவியது. நான் கரியை எடுத்துக்கொண்டு, அழிகிற கோடுகளுக்கு மேலே இழுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “அவள் இல்லை. இல்லாதவளை இருக்கிறாள் எண்டு எப்பிடிக் காட்டுறது?” எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

இந்தப் பங்குனியில் வந்தார்கள்.

ஒரு வவுனியா ஓட்டோ. அதிலிருந்து ஒரு வயதான அம்மா இறங்கினார். ஓட்டிவந்த மகன் இறங்கவில்லை.

“இறங்குங்கோ தம்பி, அதுகள் ஒண்டும் செய்யாது,” என்றேன்.

“எது ஒண்டும் செய்யாது? முப்பது நிக்குது அண்ணை!”

மார்கழியில் செத்தவீடு ஒன்றுக்கு வந்து திரும்பும்போது, மழைக்கு ஒதுங்கிய தரிப்பிடத்தின் உள்சுவரில் அந்த அம்மா தன் புருசனின் குறியைக் கண்டிருக்கிறார். வந்த பஸ்சைப் போகவிட்டுவிட்டு அங்கேயே நின்றாராம். அந்த வீதியில் யாரைக் கேட்டாலும் அக்காவின் வளவைக் காட்டுவார்கள்.

“அந்தக் குறியுள்ள பசு எங்கை பிள்ளை?” என்று அக்காவிடம் கேட்டார்.

“போயிட்டாள் அம்மா. போன ஆவணிக்கு முதல் ஆவணி.”

“எப்பிடிப் போனவள்?”

“படுத்தாள். முதல்நாள் தண்ணி குடிச்சாள். பிறகு குடிக்கேல்லை. வலது காதை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தாள். வெயில் ஏறேக்கை அதுவும் நிண்டுட்டுது.” பார்த்ததை எல்லாம் சொன்னார், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “ஓடேக்கை அவளைக் கட்டில விட்டிட்டு ஓடினனாங்கள். கட்டில நிண்டு சாகக்கூடாது எண்டு அவர் கயிறை அறுக்கத் திரும்பிப் போனவர். அவர் பிறகு வரேல்லை. கயிறு அறுத்தாரோ இல்லையோ எண்டு இத்தனை வரியமாய் எனக்குத் தெரியாது.”



“அறுத்தவர் அம்மா,” என்றார் அக்கா. “அவள் வந்து நிக்கேக்கை கழுத்தில முழத்துக் கயிறு. நுனி கத்தியால வெட்டின நுனி. அறுந்ததில்லை.”

பிறகு பட்டியைக் காட்டினார். இது அவளின் மூத்தவள், இது அவளுடைய மகள், அந்த நாம்பன் காளை அவளின் பேரன். எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, “இவ்வளவும் உங்கடை,” என்றார்.

ஓட்டோவுக்குள்ளிருந்து மகன் தலையை நீட்டினார். “அம்மா, இதை எங்கை கட்டுறது? ஓட்டோவுக்குள்ளையோ?”

“உன்ரை தமக்கையின்ரை செட்டிகுளத்துக் காணி சும்மாதான் கிடக்குது. நீ வாயை மூடு.” அக்காவின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, வாரத்துக்கு வளர்த்தாப் பாதி வளர்த்தவளுக்கு. முறை தெரியாதோ உமக்கு?”

“வாரத்துக்கு நீங்கள் தரேல்லையே அம்மா.”

“அவர் கயிறை அறுத்து விட்டவர். அது தந்த மாதிரித்தான்.”

வாரமுறையில் வளர்த்தவர் பிரிப்பார், உடையவர் விரும்பிய பங்கை எடுப்பார். அக்கா பிரித்தார். ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பட்டியில் ஒரு செவலை நாகு இருந்தது, இன்னும் கன்று போடாதவள். அக்கா எந்த மாட்டையும் மேலாக நடத்தியதில்லை, ஆனால் எதன் முன்னால் அதிகம் குந்தினார் என்று எனக்குத் தெரியும். அந்த நாகு வாசலுக்குக் கிட்டிய பக்கம் போனது. நான் மெல்லச் சொன்னேன்.

“அக்கா, அவளைப் பின்னுக்கு விடுங்கோ. அம்மா இதுக்குள்ள நடந்து போய்ப் பாக்கமாட்டா.”

“எனக்குத் தெரியும் எண்டதுக்காக அவாவுக்கு ஒளிக்கிறதோ? பேசாமல் நில்.”

அந்த அம்மா நடந்தார். சாணியும் சேறும் பாராமல், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு. செவலை நாகுக்கு முன்னால் நின்றார். அதன் கண்ணிமையை விரலால் தடவினார். “அவளின்ரை கண்,” என்றார். “இந்தப் பங்கு.”

அக்கா தலையாட்டினார்.

அதோடு முடியவில்லை. குறியில்லாமல் கொண்டுபோனால் செட்டிகுளத்தில் ஒரு கிழமை தங்காது, சுடத்தான் வேண்டும் என்றார் அந்த அம்மா. சுடுகிற இரும்பு அந்த நாளிலேயே போய்விட்டது. மகன் தரிப்பிடத்துப் படத்தைப் போனில் எடுத்திருந்தார், கறுப்பாகக் கிடந்தது. “கொல்லனுக்குக் காட்ட நீர் ஒருக்கா அந்தக் குறியைக் கீறித் தாரும் பிள்ளை.”

அக்கா மாட்டார் என்று நினைத்தேன். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். “அவள் இல்லை அம்மா. பாக்காமல் எனக்குக் கீற வராது.”

அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தினார். சுட்டுவிரலால் ஒரு வேல் போட்டார். சரிவரவில்லை, அழித்தார். மறுபடி போட்டார். கீழே பிறை. “அவர் இந்த முனையைக் கொஞ்சம் இழுத்து விடுவார்,” என்று அதையும் இழுத்தார்.

அக்கா மணலைப் பார்த்தார். வழக்கம்போல, கை மடியில் கிடக்க. எந்தத் தொடையில் அந்த இரும்பு விழப்போகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேல் கொஞ்சம் கோணினால், பிறை கொஞ்சம் பிசகினால் கேட்பவர் யார்? அவர் கரியை எடுத்துச் சீமெந்துப் பையில் கீறினார். இழுத்துவிட்ட அந்த முனையோடு.

“இதுவோ அம்மா?”

“இதுதான். இதேதான்.”

நான் யானைக்கு முன்னால் அவர் நின்றதைப் பார்த்தவன். அது பெரிதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

லொறி அடுத்த நாள் காலை வருவதாக ஏற்பாடு. அவர்கள் போன பிறகு அக்கா செவலை நாகுக்குப் பக்கத்தில் குந்தினார். வெளிச்சம் இருக்கும்வரை எழும்பவில்லை. நான் பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். தலை இல்லை, கால் இல்லை. பின் தொடை மட்டும். மயிர் சுழிக்கிற இடம், கீழே ஒரு பழைய முள் கீறல், நடுவில் சூடுபடாத வெறும் தோல். அந்த வெறுமையைத்தான் அவர் அவ்வளவு நேரம் கீறியிருந்தார். அவருடைய படங்களில் அதைப்போல ஒன்றை நான் கண்டதில்லை.

காலையில் அதைக் கேட்டேன். “இதை எனக்குத் தாங்கோ அக்கா.”

“பாத்தனியோ?”

“ஓம்.”

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம் அக்கா.”

“பிறகென்னத்துக்கு?” சுருட்டி அடுப்புக்குள் வைத்தார். லொறிக்காரருக்குத் தேத்தண்ணி கொதித்தது.

மாடுகளை ஏற்றி முடிந்து லொறி போனதும் சொன்னார்: “பாதிப் பட்டிக்கு ரெண்டு பேர் தேவையில்லை தம்பி. சாப்பிட்டிட்டுப் போ.”

சாப்பிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு நான் வெளிக்கிடும்போது அவர் பட்டிக்குள் குந்தியிருந்தார். மடியில் ஒரு புதுத் துண்டு. எதைக் கீறுகிறார் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மாடு நின்ற இடம். குளம்படிகள், சாணி, கட்டையில் தொங்கும் வெறும் கயிறு. போட்டுவாறன் அக்கா என்றேன். நிமிராமல் “ஓம்” என்றார். பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு தர்மபுரத்தில் தங்கச்சி வீட்டில் படுத்தேன். விடிய, சந்தியில் ஒரு கொந்திராத்துக்காரர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். சித்திரைக்கு முன்னம் வீதியோரத்துத் தரிப்பிடங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிற வேலை. ஏறினேன். விசுவமடு தாண்டி வண்டி நின்றதும் எனக்கு இடம் விளங்கியது. வாளியையும் பிறசையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பசு நின்றது. வயிற்றில், கரியில் கீறிய மழைத்தண்ணி வடிந்துகொண்டிருந்தது. தொடையில் வேல், பிறை, இழுத்துவிட்ட முனை. அதன் கால்களுக்கு நடுவே, அந்தப் பக்கத்தில், இன்னொரு கால். சாரம் முழங்காலுக்கு மேல் மடிந்திருந்தது. இடது கால். பெருவிரல் மேலே தூக்கியிருந்தது.

அப்போது நான் அக்காவிடம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

“என்னடாப்பா, படம் பாக்கவோ உன்னை ஏத்திக்கொண்டு வந்தனான்?” என்று கொந்திராத்துக்காரர் வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

“ஓம் அண்ணை, முடிஞ்சுது,” என்றேன். முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வடிவாகப் பார்த்தேன். பிறகு பிறசைச் சுண்ணாம்புக்குள் தோய்த்து, மேலேயிருந்து அடிக்கத் தொடங்கினேன்.